குளிர் தெரியாத லாரி

லாரி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது என் வீட்டுக்காரர். அதனால் லோடு விஷயமாக புரோக்கர் கூப்பிடுவது என் போனுக்குத்தான். போன கார்த்திகையில் ஒருநாள் காலை, ஆலங்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து யாரோ ஒருத்தியின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தையல்தான் என் தொழில். புரோக்கர் கூப்பிட்டு, தென்னை நார் ஒரு லோடு இருக்கிறது, மழையில் நனைந்து கிடக்கிறது, காய்ந்து கட்டுப்போட்டு முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆகும், அதன்பிறகு காஷ்மீருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அங்கே ஒரு மெத்தைப் பட்டறையில் இறக்க வேண்டுமாம். நம்மூர் நார் வெளியூர் போகும் என்று தெரியும். காஷ்மீரில் ஒருத்தர் அதன்மேல் படுத்துப் புரளுவார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். வாய் நிறைய நுரையோடு என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், துப்பிவிட்டு, போகலாம் என்றார். நானும் புரோக்கரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அந்தப் போகலாம் எந்த வகைப் போகலாம் என்று அப்போது யோசிக்கவில்லை. சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரே சொல்தான்.

இதற்கு முந்தின வருஷம் மகாராஷ்டிராவில் ஒரு மலை இறக்கத்தில், தூறலில் வண்டி வழுக்கிப் பாறையில் போய் முட்டியது. அவருக்கு வலது கால் முறிந்தது. ஆறு மாதம் கட்டிலில் கிடந்தார். கால் நன்றாகச் சேர்ந்துவிட்டது, டாக்டரே மெச்சினார். ஆனால் அதன்பிறகு திருச்சியைத் தாண்டி அவர் வண்டியை எடுக்கவில்லை. தூரத்து லோடு வந்தால் டயர் சரியில்லை என்பார், அல்லது அந்த வழியில் ரோடு வேலை நடக்கிறது என்பார். ஒருநாள் சாப்பிடும்போது, இனிமேல் வெளி மாநிலம் ஓட முடியாதென்றால் வண்டியைக் கொடுத்துவிடுவோம் என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒரு ஆளையும் வரச்சொல்லியிருந்தார். அந்த ஆள் வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, தை பிறந்ததும் வருகிறேன் என்று போனார்.

ஆக, இந்த நடை போனால் வண்டி எங்களோடு இருக்கும், போகாவிட்டால் தையில் அது இன்னொருத்தர் வாசலில் நிற்கும். வண்டி போவதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். வண்டி ஓட்டாத என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது, அதுதான் என் கவலை. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததெல்லாம் ஓட்டுகிற ஆளைத்தான். கட்டிலில் கிடந்த அந்த ஆறு மாதமும் வேறு யாரோ ஒருத்தர் என் வீட்டில் தங்கியிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சரி, குளிர். புதுக்கோட்டைச் சீமையில் குளிர் என்றால் மார்கழி விடியலில் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்பது. தண்ணீர் இருந்த இடத்திலேயே கல்லாகிப்போகும் ஊருக்கு ஒரு பழைய லாரியை எப்படித் தயார் செய்து அனுப்புவது என்று தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் சொல்வதற்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் டீசல் உறையாது என்றார் ஒருவர். கலந்தால் பம்பு போய்விடும், நம்மூர் டீசலைக் குறைவாகப் போட்டுக்கொண்டு போய் அங்கே பங்கில் குளிர் தாங்கும் டீசலாக நிரப்புங்கள் என்றார் இன்னொருவர். ராத்திரி முழுக்க இன்ஜினை அணைக்கவே கூடாது என்று ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கேபினை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டுப் படுத்தால் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள் என்று அடுத்தவர் சொன்னார். ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போடு, போடாதே, போட்டால் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும், கல்லை வைத்தால் போதும் என்று இரண்டு பேர் என் எதிரிலேயே சண்டை போட்டார்கள்.

எல்லாவற்றையும் என் அளவு நோட்டில் எழுதினேன். ஒரு பக்கத்தில் யாரோ ஒருத்தியின் தோள் அளவும் கை நீளமும் இருக்கும், எதிர்ப்பக்கத்தில் பிரேக்குக்கான ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும் என்று இருக்கும். எழுத எழுதக் குழப்பம்தான் கூடியது. இரண்டாவது நாளே எனக்குத் தலை கிறுகிறுத்தது. என் வீட்டுக்காரர் குழம்பவில்லை. சொல்லப்போனால் அவர்தான் தினமும் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார். பேட்டரியை மாற்ற வேண்டும் என்றார், மாற்றினோம். வைப்பர் ரப்பர் என்றார். பிறகு முன்விளக்கு. நான் ஒன்றை அடித்தால் மறுநாள் அவர் இரண்டைச் சொல்வார். மனுஷர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று முதல் வாரம் பெருமைப்பட்டேன். இரண்டாவது வாரம் எரிச்சல் வந்தது.

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் அவருடைய பழைய கூட்டாளி டிரைவர் ஒருவர் இருக்கிறார், டெல்லிப் பக்கம் இரண்டு தடவை போய்வந்தவர். அவர் இரண்டாவது டிரைவராக வர ஒப்புக்கொண்டார். அவரிடம் குளிருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கம்பளி போத்திக்குவேன் என்றார். எனக்குக் கிடைத்த யோசனைகளில் குழப்பாத யோசனை அது ஒன்றுதான்.

புதுக்கோட்டையில் திருச்சி ரோட்டில் ஒரு லாரிப் பட்டறை. அந்த மெக்கானிக்தான் பதினொரு வருஷமாக எங்கள் வண்டிக்கு வைத்தியர். அவரிடம் வண்டியை விட்டோம். ரேடியேட்டரைத் திறந்து காலி செய்தபோது வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு கொட்டியது. அத்தனை வருஷமும் நாங்கள் ஊற்றியது போர் தண்ணீர்தான். அங்கே போய்த் தண்ணீர் உறைந்தால் இன்ஜினே வெடித்துவிடும் என்று சொல்லி, உறையாத கூலன்ட்டைக் கலந்து ஊற்றினார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகவே போனது.

போனில் தேடிப் படித்ததில் தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்றைப் பார்த்திருந்தேன். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. குளிர் ஊரில் அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடே ஏறாது. நம் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது வண்டி வாங்குன மறுமாசமே கழட்டியாச்சு தங்கச்சி. நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?"

எங்கள் வண்டி மட்டுமில்லை. அவரிடம் வரும் எந்த வண்டியிலும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுவாராம். கழற்றினால் வண்டி சூடாகாமல் ஓடும் என்பது இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் எல்லோருக்கும் பாடம். மூலையிலிருந்து ஒரு பழைய தகர டின்னை எடுத்துக் காட்டினார். முப்பது வருஷமாகக் கழற்றிய வால்வுகள் அதில் பாதி டின்னுக்குமேல் கிடந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பெனிக்காரன் வேலை இல்லாமலா அதை வைத்து அனுப்புகிறான் என்று கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், இவர் தரையைப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் மெக்கானிக் திருச்சியிலிருந்து புது வால்வு ஒன்றை வரவழைத்தார்.

மாட்டும்போது நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றோம். மெக்கானிக் அதை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ஒருதரம் ஊதி, உள்ளே வைத்து மேல்மூடியை முடுக்கினார். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார், பிறகு கை கழுவப் போய்விட்டார்.

இதற்கு நடுவில் நான் லாரியின் முன்பக்கத்துக்கு ஒரு உறை தைத்தேன். குளிர் காற்று நேராக ரேடியேட்டரில் அடிக்காமல் இருப்பதற்கு. பழைய தார்ப்பாயை வெட்டி, வெயிலான இடத்தில் சுருட்டிக்கொள்ளவும் குளிரில் இறக்கிவிடவும் தோதாக மூன்று மடிப்பு வைத்து, ஓரத்தில் கொக்கியும் வைத்தேன். ஊசி இரண்டு உடைந்தது. லாரிக்கு ரவிக்கை தைக்கிறாளே என்று மெக்கானிக் கிண்டல் செய்தார். கழுத்து இறக்கம் போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே என்றேன். அன்றைக்கு மட்டும்தான் என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், பாதி லோடு நார்க்கட்டு ஏற்றி ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். இன்ஜின் சூடு காட்டும் மீட்டரைப் பார்க்க நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். மழை விட்டிருந்தது, சுள்ளென்று வெயில். உறையை முழுவதும் சுருட்டிவிட்டிருந்தோம். புதுக்கோட்டை தாண்டும்வரை முள் ஒழுங்காக இருந்தது. அப்புறம் மெல்ல ஏறியது. நார்த்தாமலைக் கிளைரோடு வருவதற்குள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டினார். முன்னாலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது.

நான் பதறிப்போய் இறங்கினேன். அவர் பதறவில்லை. புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார், சட்டைப்பையிலிருந்து அவித்த கடலையை எடுத்து உரித்தார். வண்டிக்கு இதெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சாவகாசமாகச் சொன்னார். அவர் முகம் தெளிந்திருந்தது. ஒரு வருஷமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

என்னைச் சொல்ல வேண்டும். அந்த ஆவியைப் பார்த்தவுடன் என் மனசுக்குள் முதலில் வந்தது, அப்பாடா, இனிப் போக வேண்டியதில்லை என்பதுதான். உண்மையிலேயே நெஞ்சு லேசானது. அடுத்த நொடி பயந்துபோனேன். பத்து நாளாக நோட்டும் கையுமாக எல்லோரையும் விரட்டியவள் நான்தானே? வண்டி போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவளும் நான்தான், வண்டி நின்றதும் சந்தோஷப்படுகிறவளும் நான்தான். எனக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கே விளங்கவில்லை. அவர் நீட்டிய கடலையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மெக்கானிக் பைக்கில் வந்தார். வண்டி ஆறும்வரை காத்திருந்து மூடியைக் கழற்றினார். வால்வு சுருள்கம்பி மேலாக உட்கார்ந்திருந்ததை நானும் எட்டிப் பார்த்தேன். அவர் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். அப்போதே சொன்னேனே தங்கச்சி, இது நம்ம பக்கத்துக்கு ஆகாது என்றார். வால்வு இல்லாமல் திரும்பி வந்தோம். முள் கீழேயே படுத்துக்கிடந்தது. வழியெல்லாம் என் வீட்டுக்காரர் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. வால்வு கெட்டுப்போனதா, இல்லை வண்டிதான் இனி எதற்கும் ஆகாதா என்று ஒன்றாவது தெரிந்தால் போதும் என்றிருந்தது. சாயங்காலம் டீ போடுகிற சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வைத் தையல் நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். தண்ணீர் தளதளவென்று வந்ததும் வால்வு மெதுவாக வாயைத் திறந்தது. வெளியே எடுத்தால் மூடிக்கொண்டது. நாலைந்து தரம் செய்து பார்த்தேன். சுருள்கம்பி இருக்கிற பக்கம் வெந்நீரில் இருந்தால்தான் திறந்தது. அந்தப் பக்கத்தை மேலே தூக்கி, தட்டைப் பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி பிடித்தால் அது திறக்கவே இல்லை.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. சுருள்கம்பி கீழே, இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். மெக்கானிக் மேலே வைத்துவிட்டார். முப்பது வருஷமாகக் கழற்றியே பழகிய மனுஷர், ஒருதரம்கூட மாட்டியதில்லை. வண்டியிலும் குறையில்லை, வால்விலும் குறையில்லை. நூலோடு தொங்கிக்கொண்டிருந்த வால்வை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலகீழா மாட்டியிருக்காருங்க. அதான் கொதிச்சிருக்கு."

அவர் டி.வி.யை அணைத்தார். வால்வை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்" என்றார். "அவரு மாட்டுறப்பவே பாத்தேன்."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, வண்டி நடுரோட்டில் நிற்கும் என்று தெரியாதா, இன்ஜின் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று படபடவென்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு. தூறல் விழுந்தாலே காலு ஒதறுது. நீ என்னடான்னா நோட்டுல எழுதி எழுதி அடிக்கிற. ஒனக்குப் பயமே இல்ல, எப்படா அனுப்புவோம்னு நிக்கிறன்னு நெனச்சேன். ஒங்கிட்ட எப்புடிச் சொல்ல?"

வால்வை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பேட்டரிக்குக் கேட்டேன், பிரேக்குக்குக் கேட்டேன், ஊரெல்லாம் கேட்டேன். ஓட்டப்போகிற மனுஷரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை என்று அப்போது எனக்கே தெரிந்தது.

"நார்த்தாமலையில வண்டி நின்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுங்க" என்றேன். "நீங்க போக வேணாம்னு."

அவர் எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நெசமாவா என்று கேட்டார். நெசமா என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் வண்டிய நிறுத்தியிருக்கோம்."

போக வேண்டாமென்றால் நானே புரோக்கரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று எனக்குத் தெரியவில்லை, எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று நான் நினைக்கிறேன் என்பதும் தெரியவில்லை. போக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாளைக்கு நான் பார்க்கப்போவது கட்டிலில் கிடந்த அந்த ஆளைத்தானா? போகிறேன் என்று சொன்னால் இனி நான் எப்படித் தூங்குவேன்? பதில் தெரியாமலேயே சோறு வடித்தேன், குழம்பை மட்டும் அன்றைக்கு இரண்டுதரம் உப்புப் போட்டுக் கெடுத்தேன்.

காலையில் வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவர் ஸ்பேனர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இன்ஜின் மேல் குனிந்திருந்தார். வால்வைக் கொண்டா என்றார். சுருள்கம்பி கீழே போகும்படி அவரே வைத்தார், மூடியின் அடியில் வைக்கும் பேப்பர் வளையத்தை நான் பிடித்துக்கொண்டேன். கூலன்ட் ஊற்றிவிட்டு மறுபடியும் அதே ரோட்டில், அதே வெயிலில் ஓட்டிக்கொண்டு போனோம். முள் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றுகொண்டது. நார்த்தாமலை தாண்டினோம், அது அசையவில்லை. இனிச் சொல்வதற்கு எங்கள் இருவரிடமும் ஒரு சாக்கும் இல்லை. வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு, போகலாம் என்றார்.

மறுநாள் மீதிக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு அவரும் அந்தக் கூட்டாளி டிரைவரும் கிளம்பினார்கள். பயமாயிருந்தால் வழியில் எந்த ஊரிலும் இறங்கிக்கொள்ளுங்கள், கூட்டாளி ஓட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் பஸ் ஏறி வந்துவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். தலையை ஆட்டினார். ஒவ்வொரு நாளும் போன் வந்தது. நாக்பூர் தாண்டியாச்சு, ஜம்மு வந்தாச்சு என்று ஊர்ப்பெயரை மட்டும் சொல்வார். யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டாம் நாள் காலை வந்த போனில் அவர் குரலே மாறியிருந்தது, பல் அடித்துக்கொண்டது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பனி கிடக்கிறதாம். உறையை முழுவதும் இறக்கிவிட்டிருக்கிறார்களாம். விடியலில் செல்ஃப் போட்டதும் இரண்டாவது தடவையிலேயே வண்டி எடுத்துவிட்டதாம். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை, பயமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

"இருக்கு" என்றார். "மலை ஏறுறப்ப காலு நடுங்குச்சு. நான்தான் ஓட்டுனேன்."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. அழுதுகொண்டிருக்கிறேன் என்று அவரிடமே சொன்னேன்.